சும்மாட்டின் மேல் ஒரு கேமரா

மரக்காணம் உப்பளத்தில் பாப்பாத்தியைப் போட்டோ எடுக்காமல் போனவர்கள் குறைவு. சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குக் காரில் போகிறவர்கள், சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று மின்னுவதைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிடுவார்கள். முதலில் உப்பைப் படம் எடுப்பார்கள். அப்புறம் உப்போடு சேர்த்துத் தங்களைப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம்தான் தலையில் கூடையோடு வரப்பின் மேல் வரிசையாக வரும் பெண்கள் கண்ணில் படுவார்கள். அந்த வரிசையில் முதலில் வருகிறவள் பாப்பாத்தி. கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டால் போதும், வரிசையின் கடைசியில் இருந்தாலும் எப்படியோ முன்னால் வந்துவிடுவாள்.

"சிரிச்ச மாதிரி வேணுமா, கஷ்டப்படற மாதிரி வேணுமா?" என்று கேட்பாள்.

கேட்டவர்களுக்கு முகம் சிவந்துபோகும். ஆனால் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். பாப்பாத்தி உதட்டின் ஓரத்தை இறக்கி, புருவத்தைச் சுருக்கி, கடல் இருக்கும் திசையைப் பார்ப்பாள். க்ளிக் கேட்டதும் "ஆச்சா? நல்லா வந்துச்சா?" என்று பல்லைக் காட்டுவாள். ஒருமுறை கழுத்து நிறைய லென்ஸ் மாட்டிய ஓர் இளைஞன், "அம்மா, நான் இருக்கறதையே மறந்துடுங்க, இயல்பா இருங்க" என்றான். சரியென்று அவனை மறந்துவிட்டு, கூடையை இறக்கி வைத்து, முதுகைச் சொறிய ஆரம்பித்தாள். அவன் காரில் ஏறும்வரை நிறுத்தவில்லை.

எத்தனையோ பேர் அவளைப் படம் எடுத்தும், அவளிடம் இருந்த உண்மையான அதிசயம் யாருடைய படத்திலும் விழவில்லை. படத்தில் விழுகிற சங்கதி இல்லை அது. பாப்பாத்தியின் தலை ஆடாது.

உப்பளத்து வரப்பு ஓர் அடி வைத்தால் மறு அடிக்கு இடம் தேட வேண்டிய அகலம்தான். மேலே வழுக்குகிற களிமண். அதில் பாப்பாத்தியின் கால் நடக்கும், இடுப்பு நடக்கும், வாய் நிற்காமல் ஓடும். தலை மட்டும் மேலேயிருந்து யாரோ கயிறு கட்டிப் பிடித்திருப்பதுபோல ஒரே மட்டத்தில் நகரும். கூட வேலை செய்யும் பாக்கியலட்சுமி ஒருநாள் பந்தயம் கட்டி, பழம்புடவையைச் சுருட்டிய சும்மாட்டின் மேல் கூடைக்குப் பதிலாக ஒரு கிளாஸ் டீயை வைத்தாள். பாப்பாத்தி உப்புக் குவியலின் உச்சிவரை ஏறி, அங்கே நின்று டீயை எடுத்துக் குடித்துவிட்டு, "சக்கர பத்தல" என்றாள்.

அந்தத் தலைக்கு ஒரே ஒரு பழக்கம் உண்டு. குவியலின் மேல் ஏறியவள் கூடையோடு கீழே குனிந்து பார்க்க முடியாது, பின்னால் திரும்பவும் முடியாது. தனக்கு முந்திக் கொட்டியவள் விலகிவிட்டாளா என்று பின்னால் வருகிறவள்தான் பார்ப்பாள். விலகிவிட்டால் தோளில் ஒரு தட்டு. தட்டு விழுந்ததும் மேலே நிற்பவள் கழுத்தை ஒரு வெட்டு வெட்டுவாள். கூடை முன்னால் போய்க் கவிழும். பாப்பாத்தியின் கும்பலில் இதுதான் வழக்கம். பல வருஷப் பழக்கத்தில், தட்டுக்கும் வெட்டுக்கும் இடையில் யோசனை என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. ஒருமுறை பஸ்ஸில், மடியில் இருந்த முருங்கைக்கீரைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் இறங்க எழுந்த நேரம் பார்த்து, கண்டக்டர் டிக்கெட்டுக்காகத் தோளில் தட்டினார்; கட்டு டிரைவரிடம் போய்ச் சேர்ந்தது.

இதெல்லாம் கேமராவுக்கு எப்படிப் பயன்படும் என்று பாப்பாத்திக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதைக் கண்டுபிடித்தவள் அவள் மகள் பிரியதர்ஷினி.

பிரியதர்ஷினி திண்டிவனத்தில் பி.காம். முடித்தவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். படித்து முடித்ததும் வங்கிப் பரீட்சை எழுதினாள்; தேறவில்லை. துணிக்கடையில் பில் போட்டாள், பிடிக்கவில்லை. யாரோ விற்ற பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கி வந்து, பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து என்று படம் எடுக்கத் தொடங்கினாள். பகல் வெளிச்சத்தில் நன்றாகவே எடுத்தாள். அப்பா இருசப்பனுக்குத்தான் அது ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

"ஒரகடத்துல கம்பெனி இருக்குது. ஆஸ்டல் குடுக்கறான், பஸ் உடறான். நீ இன்னாடான்னா ஊரான் வூட்டு கொழந்தைங்கள சிரி சிரின்னு கெஞ்சிக்கினு நிக்கற" என்பார்.

மகள் கேமராவைத் துடைத்துக்கொண்டிருப்பாள். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் கேட்பாள்.

"எம்மா, படிச்சது கணக்கு. செய்யறது போட்டோ. அதுவும் பாதி நேரம் சரியா வர்றதில்ல. நான் யாரும்மா?"

"நீ எம் பொண்ணு. சோத்தத் தின்னு."

இப்படி இருக்கும்போதுதான் எக்கியார்குப்பத்து சகாயமேரியின் கல்யாணம் வந்தது. சகாயமேரி பிரியதர்ஷினியோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். மாதா கோயிலில் சாயங்காலம் திருமணம். கோயில் முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றி, அந்த வெளிச்சத்திலேயே தாலி கட்ட வேண்டும் என்பது மணப்பெண்ணின் ஆசை. படமும் அதே வெளிச்சத்தில், பொன் நிறமாக வர வேண்டும்.

பங்குச் சாமியாருக்கு இதில் மகிழ்ச்சி. அவருக்குச் சமீபத்தில்தான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. முந்தைய கல்யாணம் ஒன்றில் ஃபிளாஷ் அடித்த அடியில் வாசகத்தின் வரியைத் தொலைத்து, மாப்பிள்ளையின் பெயருக்குப் பதிலாக மாமனாரின் பெயரைப் படித்துவிட்டார். அதே கல்யாணத்தில் கேமரா ஸ்டாண்டின் காலில் இடறிப் பீடத்தின் மேல் விழப் பார்த்தார். அதனால் இரண்டு விதிகளைப் போட்டுவிட்டார்: ஃபிளாஷ் கூடாது, ஸ்டாண்டு கூடாது. பாண்டிச்சேரி ஸ்டுடியோக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப கேமராவும் கூடாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே" என்று போனை வைத்துவிட்டாராம். வாய்ப்பு பிரியதர்ஷினிக்கு வந்தது.

இருசப்பனும் ஒரு விதி போட்டார். "இந்தக் கல்யாணப் படம் நல்லா வந்தா நீ இங்கியே இரு. நான் வாயே தொறக்கல. சரியா வரலன்னா அடுத்த வாரம் ஒரகடம்."

மகள் சரி என்றுவிட்டாள். சரி என்று சொன்னதோடு நிற்காமல் ஒரு பையில் துணிகளையும் மடித்து வைத்தாள். பாப்பாத்திக்கு அந்தப் பையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மகள் போய்விட்டால் வீட்டில் மிச்சம் இருப்பது இருசப்பன். அவர் சிரிப்பதற்கு ஒரு விஷயத்தை மூன்று முறை விளக்க வேண்டும்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் வீட்டில் ஒத்திகை. மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, எதிரில் இருசப்பனை உட்கார வைத்து, மகள் எடுத்துப் பார்த்தாள். முதல் படத்தில் இருசப்பனுக்கு இரண்டு மூக்கு இருந்தது.

"இன்னாடி இது, உங்கப்பன் இப்புடியா இருக்காரு?"

"கை ஆடிடுச்சும்மா. வெளிச்சம் கம்மியா இருந்தா கேமரா ரொம்ப நேரம் கண்ணத் தொறந்து வச்சிருக்கும். அந்த நேரத்துல கை துளி ஆடினாலும் எல்லாம் இழுத்துக்கும்."

"சீக்கிரம் மூடச் சொல்லு."

"சீக்கிரம் மூடினா இருட்டாத்தான் வரும்."

மகள் ஏதோ ஒரு எண்ணைக் கூட்டினாள். அதற்கு ஐ.எஸ்.ஓ. என்று பெயராம். கூட்டக் கூட்ட இருட்டிலும் படம் தெரியும். எடுத்துக் காட்டினாள். மூக்கு ஒன்றாகிவிட்டது. ஆனால் முகம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

"இது மூஞ்சியா, உப்புப் பாத்தியா? உப்பு பூத்திருக்குது. வாரிட்டு வரவா?" என்றாள் பாப்பாத்தி.

இருசப்பன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்த எண்ணை ஓரளவுக்கு மேல் கூட்டக் கூடாது; மிச்சத்தைக் கையை ஆடாமல் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும் என்றாள் மகள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். மூச்சை விட்டுவிட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்குள் பட்டனை அழுத்திப் பார்த்தாள். சுவரில் முதுகைச் சாய்த்துப் பார்த்தாள். கேமராவின் அடியில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்து, விறைப்பாக மேலே இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். கயிறு கொஞ்சம் உதவியது. ஆனால் இருசப்பன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது அதில் தடுக்கிக்கொண்டார். சாமியார் ஏற்கெனவே ஒரு முறை தடுக்கியவர் என்பது மகளுக்கு நினைவு வந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

சுவர் நன்றாக உதவியது. ஆனால் கோயிலில் சுவர் இருக்குமிடத்தில் தாலி கட்ட மாட்டார்கள்.

அடுத்த நாள் சாயங்காலம் உப்பளத்திலிருந்து பாப்பாத்தி திரும்பி வந்தாள். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் தண்ணீர் நிறைந்த குடம். ஒரு கையில் செருப்பு, மறு கையில் போன். போனில் யாரையோ திட்டிக்கொண்டே வந்தாள். குடத்தின் விளிம்பில் தண்ணீர் தளும்பவில்லை. வாசலில் கேமராவோடு உட்கார்ந்திருந்த மகள் அதையே வெறித்துப் பார்த்தாள்.

"எம்மா, குடத்த எறக்கு."

"இருடி, பேசிக்கினு இருக்கறன் இல்ல?"

"எறக்கிட்டு அப்படியே நில்லு. சும்மாட்ட எடுக்காத."

மகள் பின்னால் வந்து நின்றாள். அம்மாவைவிட ஒரு சாண் உயரம். சும்மாட்டின் குழியில் கேமராவை உட்கார வைத்தாள். செய்து வைத்ததுபோல உட்கார்ந்தது. மெழுகுவர்த்தியை ஏற்றினாள். எதிரில் வழக்கம்போல இருசப்பன்.

மெழுகுவர்த்தியின் சுடர், அதன் அடியில் உருகி வழிந்த மெழுகு, பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரின் எழுத்துவரை பளிச்சென்று வந்தது. இருசப்பனின் முகம் மட்டும் கலங்கியிருந்தது.

"நீ ஆடலம்மா. அப்பாதான் ஆடறாரு."

"கொசு கடிக்குதுடி" என்றார் இருசப்பன்.

மகள் நெற்றியைத் தேய்த்தாள். கேமரா நின்றுவிட்டது. ஆனால் எதிரில் இருப்பவர்களும் அந்த நொடி நிற்க வேண்டும். கல்யாண வீட்டில் யார் நிற்பார்கள்? அதற்கு அவளிடம் வழி இல்லை. அம்மாவிடம் கேட்டால், "அத அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து பாக்கியலட்சுமி உள்ளே வந்தாள். இருட்டில் மெழுகுவர்த்தி, ஒரு தலை, தலைக்கு மேல் ஒரு கேமரா. "இன்னாக்கா கோலம் இது?" என்று தோளில் தட்டினாள்.

கேமரா பறந்தது.

நல்ல வேளை, எதிரில் இருசப்பன் லுங்கியை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் வந்து விழுந்தது. அவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேமராவைக் கையில் வைத்திருந்தார். குழந்தையைப் பிடித்திருப்பதுபோல் பிடித்திருந்தார். மகள் ஓடிப்போய் லென்ஸைத் தடவிப் பார்த்தாள். பாக்கியலட்சுமி வந்த வழியே போய்விட்டாள்.

"நான் இன்னா செய்யட்டும்? தட்டினா" என்றாள் பாப்பாத்தி.

அதன்பின் இரண்டு ஏற்பாடுகள் ஆயின. ஒன்று, கேமராவின் வார் எப்போதும் மகளின் கழுத்தில் இருக்கும். இன்னொன்று, யாராவது தட்ட வருவதாகத் தெரிந்தால் பாப்பாத்தி "தூக்கு" என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூட லீவில் உப்பளத்துக்கு வந்து அம்மாவின் தலையில் கூடை ஏற்றி இறக்கிப் பழகியவள் பிரியதர்ஷினி. அந்தச் சொல் காதில் விழுந்தால் அவள் கையும் யோசிக்காது.

கல்யாண நாளன்று பாப்பாத்தி பட்டுப்புடவை கட்டினாள். கொண்டைக்கு மேல் சும்மாட்டை வைத்து, அதன் மேல் முந்தானையை இழுத்து முக்காடு போட்டாள். கோயிலில் எல்லாப் பெண்களும் முக்காடு போட்டிருப்பார்கள் என்பதுதான் இந்தத் திட்டத்தின் அழகு. கண்ணாடியில் பார்த்தபோது தலை கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்திருந்தது.

"கோபுரம் மாதிரி இருக்குதேம்மா" என்றாள் மகள்.

"கோயிலுக்குத்தானே போறோம்."

வாசலில் உபதேசியார் ஆரோக்கியராஜ் நின்றிருந்தார். கோயிலில் சாமியாருக்கு அடுத்தபடியாக எல்லாம் அவர்தான். பூசைக்கு மணி அடிப்பதிலிருந்து, பிரசங்கத்தில் தூங்குகிறவர்களை முறைப்பதுவரை. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. பாப்பாத்தியின் தலையை ஒரு முறை பார்த்தார். கேமராவை ஒரு முறை பார்த்தார். மறுபடி தலையைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க யாரு?"

"பொண்ணு வூடு."

"பொண்ணு வீட்ல எல்லாரையும் எனக்குத் தெரியுமே."

"அப்ப மாப்ள வூடு" என்று சொல்லிவிட்டு பாப்பாத்தி உள்ளே நடந்தாள்.

உள்ளே பீடத்தைச் சுற்றியும், ஜன்னல் மாடங்களிலும், நடுப்பாதையின் இரண்டு ஓரங்களிலும் மெழுகுவர்த்திகள். பழைய கோயில், தடித்த சுவர், சின்ன ஜன்னல். வெளியில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தும் உள்ளே இருட்டு கனத்திருந்தது. சகாயமேரி வெள்ளைப் புடவையும் தலையில் வலையுமாக நடந்து வந்தபோது, பாப்பாத்திக்கே ஒரு நொடி வாய் அடைத்தது. ஒரே ஒரு நொடிதான்.

பக்கவாட்டில், முதல் பெஞ்சை ஒட்டிய தூணருகே இருவரும் இடம் பிடித்தார்கள். மகள் பின்னால், கேமரா முக்காட்டின் மேல். பூசை தொடங்கியது. எல்லோரும் எழுந்தால் பாப்பாத்தி எழுந்தாள். மகளும் கூடவே எழுந்தாள். எல்லோரும் முழந்தாளிட்டால் பாப்பாத்தியும் முழந்தாளிட்டாள். மகள் கேமராவோடு கீழே இறங்கினாள். இருவரும் ஒரே கிணற்று வாளிபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு பாப்பாத்தியின் ஆமென் தனியாக, தெளிவாகக் கேட்டது. பக்தி அவளுக்கு உண்மையாகவே இருந்தது. நேரம்தான் தெரியவில்லை.

"எப்படிடி வருது?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"மெழுகுவர்த்தி எல்லாம் சூப்பரா வருதும்மா. ஆளுங்கதான் கலங்குது. மாப்ள ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்கறாரு. பாதிரியார் கைய ஆட்டிக்கினே இருக்காரு. பின்னால ஒருத்தரு விசிறிக்கினு இருக்காரு."

வீட்டு மூலையில் துணி மடித்து வைத்த பை பாப்பாத்தியின் கண்முன் வந்தது. மாதாவின் சுரூபத்தைப் பார்த்து, நீ ஏதாவது செய் தாயே, எனக்கு உன் பாட்டெல்லாம் தெரியாது, ஆனால் ஆமென் நன்றாகவே சொன்னேன் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

சாமியார் தாலியை மந்திரித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். பாடல் நின்றது. மாப்பிள்ளை தாலியைச் சகாயமேரியின் கழுத்துக்குக் கொண்டுபோனான். அப்போதுதான் பாப்பாத்தியின் ஓரக்கண்ணில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது.

உபதேசியார் பெஞ்சுகளின் ஓரமாக, சத்தம் வராமல், குதிகால் படாமல் வந்துகொண்டிருந்தார். இந்தக் கோயிலில் இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தலையை அவர் பார்த்ததில்லை. அதன் மேல் கேமரா வேறு உட்கார்ந்திருக்கிறது. ஸ்டாண்டு கூடாது என்பது விதி. இது ஸ்டாண்டா இல்லையா என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டாக வேண்டும். பூசை நடுவில் கூப்பிட முடியாது. அதனால் விரலை நீட்டிக்கொண்டே வந்தார்.

பாப்பாத்தி தலையைத் திருப்ப முடியாது. திருப்பினால் படம் போச்சு. தட்டிவிட்டால் கேமரா போச்சு. தட்டாதடா, தட்டாதடா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். விரல் நெருங்கியது.

"தூக்கு!"

மகளின் கை கேமராவோடு மேலே எழும்பியது. விரல் தோளில் பட்டது. பாப்பாத்தியின் கழுத்து ஒரு வெட்டு வெட்டியது.

முக்காடு விலகிற்று. அதன் அடியிலிருந்து கிளம்பிய சும்மாடு, முதல் பெஞ்சைத் தாண்டி, மணப்பெண்ணின் தலை வலைக்கு மேலாக ஒரு சுற்றுச் சுற்றி, சாமியார் விரித்துப் பிடித்திருந்த புத்தகத்தின் நடுப்பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சிவப்பும் பச்சையுமான பழைய சுங்குடிப் புடவை. சுருள்கூடக் கலையவில்லை.

கோயில் நின்றுவிட்டது.

சாமியாரின் வாய் அடுத்த சொல்லுக்காகத் திறந்தபடி நின்றது. மாப்பிள்ளையின் இரண்டு கையும் தாலியோடு சகாயமேரியின் கழுத்தில் நின்றன. சகாயமேரியின் கண் புத்தகத்தில் நின்றது. பின்னால் விசிறியவரின் விசிறி நின்றது. ஒரு குழந்தைகூட அழவில்லை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஆரோக்கியராஜ், நீட்டிய விரலை மடக்க மறந்து, கல்தூண்போல விறைத்து நின்றிருந்தார்.

பிரியதர்ஷினியின் கையில் கேமரா இருந்தது. அம்மாவின் தலை இல்லை. அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். ஓர் அடி எடுத்து வைத்து, உபதேசியாரின் தோளில் கேமராவை வைத்தாள்.

"ஐயா, மூச்சு விடாதீங்க."

அவர் விடவில்லை. அவரால் அப்போது முடியவும் இல்லை.

க்ளிக். க்ளிக். க்ளிக்.

சாமியார்தான் முதலில் அசைந்தார். சும்மாட்டை இரண்டு விரலால் எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கணம் தயங்கி, பீடத்தின் கீழ்ப்படியில் வைத்தார். தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளை முடிச்சுப் போட்டான். பாடல் தொடங்கியது. பாடுகிற பெண்களில் பாதிப் பேருக்குத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது அடி சரியாக வரவே இல்லை.

பூசை முடிந்ததும் இருவரையும் சாமியாரின் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பாப்பாத்தி வெறும் முக்காட்டோடு போனாள். தலை இப்போது மற்றவர்களின் தலை அளவுக்குத்தான் இருந்தது.

"என்னம்மா இது? கோயிலுக்குள்ள துணியத் தூக்கிப் போடறதா?"

"சாமி, நான் போடல. அவரு தட்டிட்டாரு. தட்டினா கொட்டிடுவோம், எங்க வேலை அப்புடி."

"நான் லேசாத்தான் ஃபாதர் தொட்டேன்" என்றார் ஆரோக்கியராஜ்.

"லேசாத் தட்டினாலும் கூடை பூராத்தான் சாமி கொட்டும்."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கவா, கோபத்தைச் சேர்க்கவா என்று தெரியவில்லை. பிரியதர்ஷினி கேமராவின் பின்பக்கத்தை அவருக்கு நேராகத் திருப்பினாள். அவளே இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்து வைத்திருந்தாள்.

படத்தில் கோயில் முழுக்கப் பொன் நிறம். தாலியின் மஞ்சள் கயிற்றில் முறுக்கு தெரிந்தது. சகாயமேரியின் கன்னத்தில் சுடர் தெரிந்தது. பின்வரிசைக் கிழவரின் விசிறியில் எழுதியிருந்த கடைப் பெயரைக்கூடப் படிக்க முடிந்தது. ஒருவருக்கும் இரண்டு மூக்கு இல்லை. ஒரு புள்ளிகூட உப்புப் பூக்கவில்லை. எல்லாருடைய வாயும் திறந்திருந்தது. நடுவில் சாமியார், விரித்த புத்தகம், அதன் மேல் பாப்பாத்தியின் சும்மாடு.

சாமியார் படத்தைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கே" என்றார். "இந்தத் துணி இல்லாம ஒண்ணு எடுத்திருக்கலாம்."

"அது வந்து விழுந்ததாலதான் ஃபாதர் எல்லாரும் ஆடாம நின்னீங்க" என்றாள் பிரியதர்ஷினி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே புரிந்தது. கல்யாண வீட்டில் எல்லோரையும் ஒரு நொடி நிற்க வைக்கும் வழி அவளுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அதைச் செய்ய முடியாது என்பதுதான் சங்கடம்.

சகாயமேரி அந்தப் படத்தைத்தான் ஆல்பத்தின் அட்டையில் போடச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். "எங்க கல்யாணத்துல எல்லாரும் வாயப் பொளந்து பாத்தாங்கன்னு பேரன் பேத்திக்குக் காட்டணும்" என்று அவள் சொன்னதும் அடங்கிவிட்டார்கள்.

இருசப்பன் படத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்.

"இது நம்ம வூட்டு சும்மாடா?"

"ஆமா."

"இது எப்புடி சாமியார் புஸ்தகத்துல?"

பாப்பாத்தி சொன்னாள். அவர் தலையாட்டினார். மறுபடி சொன்னாள். "ஓகோ" என்றார். மூன்றாவது முறை சொன்னபோது சிரிக்க ஆரம்பித்தார்; சோறு ஆறும்வரை நிறுத்தவில்லை. ஒரகடத்தைப் பற்றி அதன்பின் வாய் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். மூலையில் இருந்த பையிலிருந்து மகள் துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள். காலியான பைக்குள் ஒரு பழைய துண்டை விரித்துக் கேமராவை வைத்தாள். அளவு சரியாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயங்காலம், ஆரோக்கியராஜ் சைக்கிளில் வந்து வாசலில் இறங்கினார். அதே வெள்ளைச் சட்டை, அதே மடிப்பு வேட்டி. பாப்பாத்தி அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். தட்டிவிடுவாரோ என்று ஓர் எட்டுத் தள்ளி நின்றாள்.

"பயப்படாதீங்கம்மா. பேசத்தான் வந்தேன்." மகளைத் தேடினார். "ஏம்மா பிரியா, அந்தப் படத்தப் பாத்தேன். ஊர்ல எல்லாரும் இருக்காங்க. விசிறிக்கினு இருந்தவருகூட இருக்காரு. நான் எங்க?"

பிரியதர்ஷினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்க தோள்மேலதானேய்யா கேமரா இருந்துச்சு. நீங்க எப்புடி அதுல வருவீங்க?"

"அது எனக்குத் தெரியுது. என் வீட்டம்மாவுக்குத் தெரியலயே. கல்யாணத்துக்கே நீ போவல, எங்க போன, சொல்லுன்னு கேக்குது."

பாப்பாத்தி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். மகள், அவரைத் தனியாக ஒரு படம் எடுத்துத் தருவதாகச் சொன்னாள். அவர் மனம் சமாதானமாகி, வந்த காரியத்துக்கு வந்தார். அடுத்த மாதம் இன்னொரு கல்யாணம். அவர்களும் மெழுகுவர்த்திதான் வேண்டுமென்கிறார்கள். போட்டோவுக்கு உன்னைத்தான் கேட்கிறார்கள்.

"ஆனா ஃபாதர் ஞாயித்துக்கெழம பூசையில புதுசா அறிவிப்பு குடுத்துட்டாரு. ஃபிளாஷ் கூடாது. ஸ்டாண்டு கூடாது. சும்மாடு கூடாது."

"சும்மாடுன்னு பேர் சொல்லியா சொன்னாரு?" பாப்பாத்திக்குப் பெருமை தாங்கவில்லை.

"மைக்குல சொன்னாரு."

பிரியதர்ஷினி முகம் வாடிப்போய் அம்மாவைப் பார்த்தாள். பாப்பாத்தி உபதேசியாரைப் பார்த்தாள். தலையை அல்ல, கழுத்துக்குக் கீழே, நல்ல அகலமான அந்தத் தோளைப் பார்த்தாள்.

"தோளப் பத்தி சாமி ஏதாவது சொன்னாரா?"

ஆரோக்கியராஜ் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டையின் தோள்பட்டையில் இருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

"இல்லியே" என்றார். "எந்தப் பக்கத் தோளு வேணும்?"